ரூட் கனால் இப்போதே, கிரவுண் ஜனவரியில் வரட்டும்

கேள்வி:

வணக்கம் டொக்டர். நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம், எனக்கு 46 வயது. கணவரின் வேலையிடத்து இன்சூரன்ஸில் பல்லுக்கு வருடத்துக்கு 1,500 டொலர் இருக்கிறது. சாதாரண வேலைக்கு 80 வீதம், கிரவுண் (பல்லுக்கு மேலே போடுகிற தொப்பி) மாதிரிப் பெரிய வேலைக்கு 50 வீதம் தருவார்கள். செப்டெம்பரில் ஒரு கலியாண வீட்டில் முறுக்குக் கடித்தபோது கீழ் இடதுபக்கக் கடைவாய்ப்பல்லின் ஒரு பக்கம் உடைந்து விழுந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது வெள்ளி அடைத்த பல். பல்லுக்குள் இருக்கிற நரம்பை எடுத்துத் துப்புரவாக்கி அடைக்கிற ரூட் கனால் செய்து, பிறகு கிரவுண் போடவேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். குளிர்த் தண்ணீர் பட்டால் உயிர் போகிறமாதிரிக் கூசியது. இப்போது மூன்று கிழமையாக ஒன்றும் இல்லை, அதனால் விட்டுவிட்டேன். போன கிழமை கிளினிக்கிலிருந்து போன் எடுத்து, "டிசம்பர் 31க்குப் பிறகு இந்த வருடக் காசு போய்விடும், எல்லாவற்றையும் இப்பவே செய்யுங்கோ" என்றார்கள். நான் இதுவரை 260 டொலர்தான் பாவித்திருக்கிறேன். எல்லாவற்றையும் இந்த மாதமே முடிக்கவா, இல்லை பல்லைப் பிடுங்கிவிடவா? ஜனவரியில் செய்துவிட்டு டிசம்பர் திகதி போட்டு அனுப்பலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கணவருக்குச் சீனி வருத்தம். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது, ஆனால் கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று வரமாட்டார். மாமிக்கு 71 வயது, அரசாங்கப் பல் கார்ட் இருக்கிறது, பல் செட் கழன்று கழன்று விழுகிறது. அவவின் காசும் 31ஆம் திகதியோடு போய்விடுமா?

— ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் காசுக் கணக்குத்தான் கூட. ஆனால் நான் திரும்பப் போய் வாசித்தது ஒரே ஒரு வரியை: "இப்போது மூன்று கிழமையாக ஒன்றும் இல்லை."

அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. உடைந்த பல் குளிருக்குக் கூசுகிறது என்றால் உள்ளே நரம்பு இன்னும் உயிரோடு இருந்து சத்தம் போடுகிறது என்று அர்த்தம். பல்லில் ஒருவரும் கை வைக்காமல் அந்தச் சத்தம் தானாக அடங்கினால், பல் சுகமாகிவிட்டது என்று நாங்கள் எடுக்கமாட்டோம். நரம்பு செத்துப்போயிருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். செத்த நரம்பு கிருமிகளுக்கு நல்ல சாப்பாடு. அவை வேரின் நுனியால் வெளியே வந்து தாடை எலும்புக்குள் போகும், அங்கே மெல்ல மெல்லச் சீழ் சேரும். இதெல்லாம் வலி இல்லாமலே நடக்கும். வலி வருகிற நாளில் சும்மா வலியோடு நிற்காது, கன்னமும் சேர்ந்து வீங்கும்.

அந்த நாள் பெரும்பாலும் கிளினிக் பூட்டியிருக்கிற நாளாகவே அமைந்துவிடும், அது என்ன ராசியோ தெரியவில்லை. நத்தார் விடுமுறைக்குள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்டால் அநேகமாக இதே கதைதான் சொல்வார்கள்: "ஒக்டோபர்ல நொந்தது டொக்டர், பிறகு நிண்டிட்டுது." அந்த நேரம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனால் வலி மாத்திரையும் அன்ரிபயோடிக்கும் எழுதித் தருவார்கள். பல்லைத் திறந்து உள்ளே துப்புரவாக்க அங்கே பெரும்பாலும் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. வழக்கமான பல் வைத்தியத்துக்கு ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் காசு கொடுப்பதும் இல்லை.

ஆகவே முதல் வேலையாக நாளைக்கே கிளினிக்குக்குப் போன் பண்ணி ரூட் கனாலுக்கு நேரம் எடுங்கள். இன்சூரன்ஸ் 31ஆம் திகதி முடிந்தாலும் சரி, அடுத்த வருடம் முழுக்க இருந்தாலும் சரி, இதைத் தள்ளிப்போட நான் சம்மதிக்கமாட்டேன். அதற்கிடையில் வலித்தால் கராம்பு எண்ணெய் கொஞ்சம் பஞ்சில் வைப்பதில் பிழையில்லை. எங்கள் ஆச்சிமார் சொன்னதுதான், அதில் இருக்கிற யூஜினோல் என்ற பொருளை நாங்களும் சில பல் சீமெந்துகளில் பாவிக்கிறோம். ஆனால் அது வலியை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான்; பல்லுக்குள் இருக்கிற கிருமித் தொற்றை மாற்றாது. அஸ்பிரின் மாத்திரையை முரசில் (ஈறில்) வைத்து அழுத்தாதீர்கள், முரசு வெந்து வெள்ளையாகக் கழன்று வரும். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து அலுமாரியில் கிடக்கிற அமொக்சிசிலினில் நாலு விழுங்குகிற பழக்கமும் வேண்டாம். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், காய்ச்சலோடு வாய் திறக்க முடியாவிட்டால், பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

இப்போது காசு.

கிளினிக்கிலிருந்து எடுத்தவர்களில் எனக்குக் கோபமில்லை. நவம்பர், டிசம்பரில் எல்லாக் கிளினிக்கும் அப்படித்தான் எடுக்கும், எங்கள் முன்மேசைப் பிள்ளைகளும் எடுப்பார்கள். "காசு போய்விடும்" என்ற சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மிச்சமிருக்கிற 1,240 டொலரும் நீங்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு மாதிரி எங்கேயும் கிடக்கவில்லை. வேலை செய்தால் இவ்வளவு வரைக்கும் எங்கள் பங்கைத் தருவோம் என்று இன்சூரன்ஸ்காரன் போட்ட உச்சவரம்பு அது. அதைப் "பாவித்து முடிக்க" வேண்டுமென்றால் ஒவ்வொரு வேலைக்கும் 20 வீதமோ 50 வீதமோ உங்கள் கையாலும் போகும். தேவையில்லாத அடைப்பு ஒன்றுக்காக 50 டொலரைக் கொடுத்துவிட்டு 200 டொலர் மிச்சம் பிடித்தேன் என்று சந்தோஷப்பட முடியாது. தேவையான வேலை இருந்தால் மட்டும்தான் இந்தத் திகதிக்கு மதிப்பு. உங்களுக்குத் தேவையான வேலை இருக்கிறது, அதனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கிளினிக்கின் விலை எனக்குத் தெரியாது. விளங்குவதற்காக ரூட் கனால் 1,200 டொலர், கிரவுண் 1,400 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ரூட் கனாலைச் சாதாரண வேலையாக எடுத்து 80 வீதம் தந்தால் 960. கிரவுணுக்கு 50 வீதம் 700. இரண்டும் சேர்த்து இன்சூரன்ஸ் தரவேண்டியது 1,660. இரண்டையும் டிசம்பரிலேயே செய்தால் உச்சவரம்பில் மிச்சமிருக்கிற 1,240 மட்டும்தான் வரும், 420 டொலர் மேலதிகமாக உங்கள் தலையில் விழும். ரூட் கனாலை டிசம்பரிலும் கிரவுணை ஜனவரியிலும் செய்தால் 960 இந்த வருடக் கணக்கில் வரும், 700 புது வருடத்து 1,500இல் கழியும். அந்த 420 தப்பும். இந்த வருடத்தில் இன்னும் 280 மிஞ்சுகிறது, அதில் உங்கள் கிளீனிங்கையும் டிசம்பரிலேயே முடித்துவிடலாம்.

பாருங்கள், "எல்லாவற்றையும் இப்பவே" செய்தால் உங்களுக்குத்தான் நட்டம்.

இதற்குள்ளே மூன்று கண்ணிகள் இருக்கின்றன. ரூட் கனாலைச் சில திட்டங்கள் பெரிய வேலைப் பட்டியலில் போட்டு 50 வீதம்தான் தரும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, கிரவுண் விஷயத்தில் பல நிறுவனங்கள் பல்லைச் சீவி அளவெடுக்கிற நாளைப் பார்ப்பதில்லை, கிரவுணை நிரந்தரமாக ஒட்டுகிற நாளைத்தான் பார்க்கும். அளவெடுத்தபின், கிரவுண் செய்கிற லாப்பிலிருந்து அது வர ஏறக்குறைய இரண்டு கிழமை செல்லும், நத்தாருக்கு லாப்பும் பூட்டும். டிசம்பர் 18ஆம் திகதி அவசரப்பட்டு அளவெடுத்தவர்களின் கிரவுண் எப்படியும் ஜனவரிக்குத்தான் போகும். மூன்றாவது, ரூட் கனாலுக்குப் பிறகு உடைந்த பக்கத்தைக் கட்டி நிரப்புகிற வேலைக்குத் தனியாக ஒரு கட்டணம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பில் வந்தபிறகு "இதென்ன புதுசா?" என்று கேட்கவைப்பது எங்கள் தொழிலில் இருக்கிற கெட்ட பழக்கம்.

இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கிளினிக்கில் "வேலை தொடங்க முதல் எஸ்ரிமேட் அனுப்பிப் பதில் எடுத்துத் தாங்கோ" என்று கேளுங்கள். அவர்கள் எக்ஸ்ரேயோடு இன்சூரன்ஸுக்கு அனுப்புவார்கள், எந்த வேலைக்கு எவ்வளவு தருவோம் என்று எழுத்தில் பதில் வரும். கிரவுணுக்கு அது கட்டாயம் வேண்டும். ரூட் கனாலுக்கு அந்தப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஜனவரி என்று நான் சொல்வது ஜனவரி முதல் இரண்டு மூன்று கிழமை. ஏப்ரல் வரைக்கும் இழுக்கிற வேலை அல்ல. ரூட் கனால் செய்த கடைவாய்ப்பல் ஏற்கனவே பாதி சுவர் இல்லாத பல், உள்ளே வைத்தியர் துளைத்த துளையும் சேர்ந்தால் இன்னும் பலவீனம். மேலே தொப்பி மாதிரிக் கிரவுண் இல்லாமல் அதில் ஒரு நாள் கச்சான் கடித்தீர்கள் என்றால் வேர்வரைக்கும் பிளக்கலாம். அப்படிப் பிளந்தால் பிறகு எந்த இன்சூரன்ஸ் இருந்தும் பிரயோசனமில்லை. கிரவுண் வரும்வரை வலதுபக்கத்தால் சப்புங்கள்.

பிடுங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். பல்லைப் பார்க்காமல் முழுப் பதில் சொல்லமுடியாது. வெடிப்பு முரசுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்குவதுதான் நேர்மையான வைத்தியம், அந்த நிலையில் ரூட் கனாலுக்கும் கிரவுணுக்கும் காசைக் கொட்டக் கூடாது. ஆனால் உங்களைப் பரிசோதித்தவர் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்கிற பல் அநேகமாக 6 வயதில் முளைக்கிற முதல் கடைவாய்ப்பல்லாக இருக்கும், நாற்பது வருடமாகச் சோற்றுக்கும் முறுக்குக்கும் ஈடு கொடுத்த பல். அது போனால் மேலே இருக்கிற பல் எதிராளி இல்லாமல் கீழே இறங்கும், பின்னால் இருக்கிற பல் முன்னுக்குச் சரியும். அந்த இடைவெளியில் பிறகு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல்) போட நினைத்தால் பல திட்டங்கள் அதற்குக் காசு தருவதே இல்லை. பிடுங்குவது மலிவு என்பது முதல் நாளுக்கு மட்டும்தான் சரி.

திகதி மாற்றுகிற கதை. வருடக் கடைசியில் என்னிடமும் யாராவது குரலைத் தாழ்த்தி இதைக் கேட்பார்கள், "சும்மா ஒரு நாள்தானே டொக்டர்" என்று. ஒரு நாளோ ஒரு மாதமோ, செய்யாத திகதியில் செய்ததாக எழுதினால் அது பொய்க் கணக்கு. என் லைசன்ஸுக்கும் ஆபத்து, உங்கள் கணவரின் வேலைக்கும் ஆபத்து. நமக்கு அடுத்த வீட்டுக் கதைதான்: ரொறன்ரோவில் பஸ், சப்வே ஓட்டுகிற ரி.ரி.சி.யில் பொய் இன்சூரன்ஸ் பில் விவகாரத்தில் 200க்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டுப் போகவேண்டி வந்தது. அதேபோல, நீங்கள் கட்டவேண்டிய 20 வீதத்தை விட்டுவிடச் சொல்லியும் வைத்தியரைக் கேட்காதீர்கள். முழுக் காசும் வாங்கியதாகக் கணக்குக் காட்டிவிட்டு உங்கள் பங்கை வாங்காமல் விடுவதும் குற்றம்தான். கையில் காசு இல்லையென்றால் தவணை கேளுங்கள், அது வெட்கப்படுகிற விஷயமே இல்லை.

உங்கள் பங்காகக் கட்டுகிற காசுக்கு ரசீது எல்லாவற்றையும் ஒரு என்வலப்பில் போட்டு வையுங்கள். வருமானவரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். உங்கள் நிகர வருமானத்தில் 3 வீதம், அல்லது 2025ஆம் ஆண்டுக்கு 2,834 டொலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேலே போகிற செலவுதான் கணக்கில் சேரும். அதனால் கணவன் மனைவியில் வருமானம் குறைந்தவரின் பெயரில் காட்டுவது பெரும்பாலும் இலாபம். டிசம்பரிலும் ஜனவரியிலும் செலவைப் பிரித்தால் வரியில் அடிபடுமே என்று யோசிக்காதீர்கள். அந்த வருடத்துக்குள் முடிகிற எந்த 12 மாதத்தையும் எடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. டிசம்பரில் தொடங்கி அடுத்த நவம்பர் வரை என்று எடுத்தால் இரண்டு பில்லும் ஒன்றாக வந்துவிடும்.

இனி உங்கள் கணவர்.

அவருடைய 1,500 உங்களுடையதோடு சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் அந்தத் தொகை ஆளுக்கு ஆள் தனி. நீங்கள் 960ஐயும் எடுத்தால் அவருக்கு மிஞ்சாது என்று நினைத்து அவர் வராமல் இருந்தால் அது வீண் தியாகம்.

"கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்பது அவர் மட்டும் சொல்கிற கதை இல்லை, என் அப்பாவும் சாகும்வரை சொன்னார். அது எங்கிருந்து வருகிறது என்று விளக்குகிறேன், இன்று இரவு அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வாயைத் திறந்து, கீழ் முன்பற்களின் பின்பக்கத்தை, நாக்குத் தொடுகிற பக்கத்தை, நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரவென்று மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ ஒரு கட்டி இருக்கும். நாக்குக்குக் கீழே உமிழ்நீர் சுரக்கிற வாய் அந்த இடத்தில்தான் திறக்கிறது, உமிழ்நீரில் இருக்கிற சுண்ணாம்பு பல்லில் படிந்த அழுக்கோடு சேர்ந்து கல்லாகிவிடும். கேத்திலுக்குள்ளே படிகிற படிவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் முரசைக் கீழே தள்ளும், முரசு வீங்கி இரத்தம் கசியும், பிறகு பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரையும். பத்து வருடம் அப்படிப் போனால் பல்லைப் பிடித்திருப்பது பாதி எலும்பும் பாதி அந்தக் கல்லும்தான். அந்த நிலையில் வந்து கிளீன் பண்ணினால் கல் போய்விடும், அது அடைத்திருந்த இடைவெளி நாக்குக்குத் தட்டுப்படும், பல் ஆடுவதும் தெரியும். பழி கிளீன் பண்ணினவரின் தலையில் விழும். எலும்பைக் கரைத்தது அந்தப் பத்து வருடம்.

சீனி வருத்தக்காரருக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும். இரத்தத்தில் சீனி கூடினால் முரசு நோய் வேகமாகப் போகும். முரசில் எந்த நேரமும் அழற்சி இருந்தால் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் கஷ்டம். அவருடைய குடும்ப வைத்தியர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால், முரசில் இரத்தம் வருகிற விஷயத்தை அவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

அவர் பல் கிளினிக்கில் கதிரையில் படுத்தபிறகு, கிளீன் பண்ணுகிற ஹைஜீனிஸ்ட் மெல்லிய அளவுகோல் ஒன்றை முரசுக்குள் விட்டு, "இரண்டு, மூன்று, மூன்று, ஐந்து, ஆறு" என்று நம்பர் சொல்லிக்கொண்டு போவார். அது மில்லிமீற்றர். 1 முதல் 3 வரை நல்லது. 4ஓ அதற்கு மேலேயோ வந்தால் அந்த இடத்தில் முரசு பல்லைவிட்டுக் கழன்றிருக்கலாம். காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், ஐந்தும் ஆறும் எத்தனை தரம் வந்தது என்று எண்ணினாலே அவருக்கு நிலைமை விளங்கும். இங்கே கிளீனிங்கை 15 நிமிடம் ஒரு யூனிட் என்று கணக்கெடுப்பார்கள், இன்சூரன்ஸும் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று அளந்துதான் தரும். பல வருடமாகச் செய்யாதவருக்கு ஒரே நாளில் முடியாது. ஒரு பகுதி டிசம்பரிலும் மிச்சம் ஜனவரி தொடக்கத்திலும் விழுந்தால் யூனிட்டும் இரண்டு வருடத்துக்குமாகப் பிரியும். அதற்குமுன் திட்டம் உண்மையாகவே ஜனவரி முதலாம் திகதிதான் புதுப்பிக்கிறதா என்று அவருடைய வேலையிடத்துப் புத்தகத்தில் பாருங்கள், ஏப்ரலிலோ ஜூலையிலோ தொடங்குகிற திட்டங்களும் இருக்கின்றன. "வருடத்துக்கு இரண்டு தரம்" என்று இருக்கிறதா, "6 மாதத்துக்கு ஒரு தரம்" என்று இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது மாதிரியில் 6 மாதம் முடிய ஒரு நாள் குறைந்தாலும் கட்டமாட்டார்கள்.

மாமியின் விஷயம் நல்ல செய்தி, அவசரமே இல்லை. அவ வைத்திருப்பது மத்திய அரசின் கனடியப் பல் பராமரிப்புத் திட்டக் கார்ட் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் வருடம் ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை, டிசம்பருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவ கவனிக்கவேண்டியது இளவேனில் காலம்: வருமானவரி நேரத்துக்குப் பதியவேண்டும், பிறகு கார்டைப் புதுப்பிக்கவேண்டும். வருமானம் இல்லைத்தானே, ஏன் பதிய வேண்டும் என்று விட்டுவிடுகிற வயதானவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். மகனோடு ஒரே வீட்டில் இருப்பதால் மகனின் சம்பளத்தைச் சேர்ப்பார்கள் என்று இன்னொரு பயமும் எங்கள் சனத்திடம் இருக்கிறது. அப்படி இல்லை. அவவின் வருமானமும், மாமா இருந்தால் அவருடையதும்தான் கணக்கு. அது இரண்டும் சேர்த்து 70,000 டொலருக்குக் கீழே என்றால் திட்டம் வைத்திருக்கிற விலையில் அவ பங்கு கட்டத் தேவையில்லை. ஆனால் கிளினிக்கின் விலை அரசாங்க விலையைவிடக் கூட இருக்கலாம், அந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள். ஆகவே கதிரையில் ஏற முதலே "கார்ட்டுக்கு மேல எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுங்கள்.

செட் கழன்று விழுவது செட்டின் பிழையாக இருக்கத் தேவையில்லை. பல் இல்லாத இடத்தில் எலும்பு வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போகும், செட் அதே அளவில் இருக்கும். உள்பக்கத்தைத் திரும்ப நிரப்பிப் பொருத்தினாலே பல பேருக்குச் சரியாகும். உடனே புது செட் என்று பாயவேண்டாம், இந்தத் திட்டத்தில் முழுச் செட் ஒன்று எடுத்தால் அடுத்தது 8 வருடத்துக்குப் பிறகுதான். ஒட்டுகிற பசையைக் கூட்டிக் கூட்டிப் பூசிச் சமாளிக்கிறாவா என்று பாருங்கள், அநேகமாகச் செய்துகொண்டிருப்பா. இரவில் கழற்றித் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போகும்போது செட்டை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைக்கவிடாதீர்கள், வாயில் போட்டுக்கொண்டே வரட்டும். டிஷ்யூவில் சுற்றிய செட் குப்பைக்குள் போன கதை என் கிளினிக்கில் மட்டும் நாலு இருக்கிறது.